புஷ் மாற்றிய வேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒர்க்‌ஷாப்புக்கு என்னைவிட வயதில் மூத்த வேன் ஒன்று வந்தது. உன் முழங்காலில் ஜவ்வு தேய்ந்தது போல, அதன் சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ்ஷெல்லாம் தேய்ந்து, துருவோடு துருவாக ஒட்டிக் கிடந்தது. தட்டிக் கழற்றிப் புதிது போட்டேன். ஆனால் வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டுகளை இறுக்கிவிட்டேன். அப்படி இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் திருகிக் கிழிந்துவிடும். ஃபோர்மேன் கத்தவில்லை. "வண்டி தரையில நின்னு பாரம் ஏறினப்புறம்தான்டா இறுக்கணும். எல்லாத்தையும் லூஸ் பண்ணு" என்றார்.

வண்டியை இறக்கிவிட்டு மறுபடி அடியில் படுத்தேன். அவசரத்தில் ஸ்பேனர் நழுவி, துருப்பிடித்த தகடு வலது கையில் லேசாகக் கீறிவிட்டது, அவ்வளவுதான். "ஆறட்டும், கூப்பிடுறேன்" என்றார் ஃபோர்மேன். இன்னும் கூப்பிடவில்லை. வேனை வேறு ஆள் முடித்துக் கொடுத்துவிட்டான். எழுத்து கோணலாக இருப்பது படுத்துக்கொண்டு எழுதுவதால்தான்.

அக்காவிடம் சொல்லி இரண்டு சட்டை தைத்து அனுப்பு. தலைவழியாகப் போடுகிற மாதிரி இருக்கட்டும், பொத்தான் வேண்டாம். வலது கைப் பக்கம் நன்றாக அகலம் வைக்கச் சொல். அப்படியே உன் பழைய போர்வை ஒன்றும் வை, துவைக்காமல்.

இத்தனை நாளும் எனக்குப் பொத்தான் போட்டுவிட்ட அறை நண்பர் விடுமுறையில் ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதம் அவர் கையில்தான் வருகிறது. என் கையைப் பற்றிக் கேட்டால் கூட்டித்தான் சொல்வார், நம்பாதே. பெட்டியோடு வாசலில் நிற்கிறார். முடிக்கிறேன்.

உன் மகன்