முதல் பெயர் மட்டும்

ஜூன் 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். துணி உள்ளேதான் காய்கிறது. வீடெல்லாம் ஈர நாற்றம்.

கல்லூரியில் என்னைப் பற்றிச் சொல்வது தவறு. என் கணவர் பெயரை அடித்து நீக்கும்படி நான் கேட்கவில்லை. "கே.ஆர். சார் போய்ட்டாரு, அந்தம்மா இப்ப அவரு பேப்பரெல்லாம் தன்னோடதுங்குது" என்று கான்டீனில் பேச்சாம். முரளிக்கு யாரோ சொல்ல, அவன் எனக்குப் போனில் சொன்னான், பாதி சிரித்துக்கொண்டு. பெற்ற மகன். நான் கேட்டது ஒன்றே: இரண்டாவது பெயரையும் எண்ணுங்கள். அடிப்பதற்கும் எண்ணுவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் ஸ்கேன் ரிப்போர்ட் எழுதாமல் இருந்தால் நோயாளிகளுக்கு நல்லது.

நடந்ததைக் குறித்து வைக்கிறேன். நாங்கள் இருவரும் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியில் அல்ட்ராசவுண்ட் பழக ஒரு அறை திறக்கிறார்கள். பொம்மை உடம்பு, பொய்க் கருவி, கம்ப்யூட்டரில் படம். நோயாளி இல்லாமலே மாணவர்கள் பழகலாம். அறைக்குக் கே.ஆர். பெயர். திறப்பு 23ஆம் தேதி. சுவரில் மாட்ட ஒரு வரைபடம்: இந்தத் துறையில் எழுதியவர்களில் யாரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், யாரை யாரோடு சேர்த்துக் காட்டினார்கள். ஆளுக்கு ஒரு வட்டம். அதிக மேற்கோள் என்றால் பெரிய வட்டம். சேர்ந்தே காட்டப்படுபவர்கள் பக்கத்தில் பக்கத்தில்.

வரைந்தவள் நிவேதா. உதவிப் பேராசிரியர், சேலத்துப் பெண், பெங்களூர் வந்து இரண்டு வருடம். கே.ஆரின் நல்ல போட்டோ கேட்டுப் போன வாரம் வந்தவள், படத்தை என் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். கே.ஆர். ஆரஞ்சுப் பழம் அளவு. என்னைத் தேடினேன். மூலைகளிலும் தேடினேன்.

"எப்படிம்மா எண்ணுன?"

"ஃபர்ஸ்ட் ஆத்தர் மட்டும்தான் மேம். அதான் வழக்கமான மெத்தட். டேட்டாவுல அந்த ஒரு பேருதான் கிடைக்கும்."

"ரெண்டாவது பேருக்காரங்க?"

"அவங்க... வர மாட்டாங்க மேம்."

நேர்மையான பதில். காபி கொடுத்தேன். போட்டோவும் கொடுத்தேன். இரண்டாவது பெயரையும் எண்ணச் சொன்னேன்.

வாங்க: காது மெஷினுக்கு பேட்டரி, ராகி மாவு, நல்ல ரப்பர் பேண்டு.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. முழங்கால் பரவாயில்லை.

எனக்கு நினைவு சரியாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியது. அப்போது எங்கள் துறையில் ஒரே ஸ்கேன் மெஷின். வெளியே பெஞ்சில் கர்ப்பிணிகள், லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துவிட்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, முகம் சுருங்கி. அவர்கள் வயிற்றில் பத்து மாணவர்கள் மாறி மாறித் தடவிப் பழகுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆகவே சைனா கிராஸில் ஒரு பொய் வயிறு செய்தேன். அல்சூர் பஜாரில், புட்டிங்குக்கு வாங்கும் கடல்பாசிதான். காய்ச்சி, மருந்துக்கடை இசப்கோல் கலந்தால் ஸ்கேனில் சதைபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். சர்ஜரி கையுறையின் ஒரு விரலை வெட்டித் தண்ணீர் நிரப்பி, நூலால் கட்டி உள்ளே வைத்தால் பித்தப்பை. அதற்குள் ஒரு சரளைக்கல் போட்டால் பித்தக்கல், பின்னால் நிழல்கூட விழும். முதல் தடவை முழுக்கக் காற்றுக் குமிழி. இரண்டாம் தடவை நன்றாக வந்தது; ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். கே.ஆர். டென்னிஸ் ஆடிவிட்டு வந்து, புட்டிங் என்று ஒரு கரண்டி எடுத்துவிட்டார். பித்தப்பையோடு. "இனிப்பு பத்தலை" என்றார்.

பிறகு செய்ததில் மாணவர்கள் ஒரு வருடம் பழகினார்கள். யார் தேறினார்கள், எப்படி அளந்தேன், எல்லாம் கட்டுரையில் இருக்கிறது. எழுதியது நான். டைப் அடித்தது நான். கே.ஆர். ஒரே மூச்சில் படித்துவிட்டு, ஒரு படத்தில் ஆழ அளவு தப்பு என்றார். தப்புதான். திருத்தினேன்.

பெயர் வரிசை பற்றிப் பேச்சே எழவில்லை. அவர் பெயரை முதலில் டைப் அடித்தேன், அடுத்து என்னுடையது. வாசல் பலகையில், வங்கிக் கணக்கில், கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில் எந்த வரிசையோ அதே வரிசை. துறைத் தலைவர் அவர்; கணவரும் அவர். கணவனுக்கு முன்னால் பெண்டாட்டி பெயர் வந்தால் கான்டீனில் ஒரு வாரம் சிரிப்பார்கள். அவர் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அப்போது யாரும் வட்டம் வரையவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

முரளி வைட்ஃபீல்டிலிருந்து வந்தான். டிராஃபிக் பற்றிப் பத்து நிமிடம். மீன் குழம்பு, அவரைக்காய். இரண்டு முறை கேட்டுப் போட்டுக்கொண்டான்; ஏதோ சொல்லப்போகிறான் என்று அப்போதே தெரிந்தது.

"ஃபங்ஷன் முடியட்டுமேம்மா. டொனேஷன் குடுத்தவங்கள்லாம் வர்றாங்க. இப்ப எதுக்கு இது?"

"எப்ப கேக்கணும்?"

"அப்பா போயி இன்னும் ரெண்டு வருஷம்கூட ஆகல."

"அப்பா இருந்தப்பவே வரைஞ்சிருந்தா அப்பவே கேட்டிருப்பேன். அவர் எதிர்லயே."

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானேம்மா."

"சரி. அப்ப என் பேரைப் போட்டுட்டு அவர் பேரை விட்டுடச் சொல்லு. ஒண்ணுதானே."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். கழுவியும் வைத்தான். போகும்போது, "உனக்கு இதுல என்னம்மா கிடைக்கும்?" என்றான், கோபமில்லாமல். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் நான் யோசிக்க வேண்டும்.

யோசித்தது: நான் வேலை செய்தேன். அது நடந்தது. நடக்காததுபோல ஒரு படம் சுவரில் தொங்கும். அதன்கீழ் நான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

நிவேதா கூப்பிட்டாள் என்று கல்லூரிக்குப் போனேன். ஆட்டோக்காரர் மீட்டர் போடவில்லை, கன்னடத்தில் கேட்டதும் போட்டார்.

அறை நன்றாக இருக்கிறது. அளவுக்கு மீறிய குளிர். பொம்மைக்குத் தலை இல்லை, கால் இல்லை, ரப்பர் தோல். கருவியை எங்கே வைத்தாலும் அந்த இடத்தின் படம் திரையில் வருகிறது. மாணவர்கள் சுற்றி நின்று, "மேம், நீங்க ஒரு தடவை ட்ரை பண்ணுங்க." விலாவுக்குக் கீழே வைத்தேன். வாய் தானாகக் கன்னடத்தில், "உசிரு பிகி ஹிடீரி" என்றது. உடனே தமிழிலும், "மூச்சை நல்லா இழுத்துப் புடிம்மா."

சிரித்தார்கள். நியாயம்தான். பொம்மைக்கு மூச்சில்லை. மூச்சை இழுத்தால்தானே கல்லீரல் விலாவைவிட்டுக் கீழே இறங்கும்? அது இருந்த இடத்திலேயே இருந்தது. காட்சி முழுமையில்லை, மீண்டும் செய்யவும் என்று திரை. முப்பத்தைந்து வருடத்தில் யாரும் என்னிடம் சொல்லாதது. ஒரு மாணவன் அழுத்திய அழுத்தில் உயிருள்ள நோயாளி எழுந்து உட்கார்ந்திருப்பார். பொம்மை சும்மா இருந்தது. அதுதான் அதன் நன்மை, அதுவே கெடுதலும். என் சைனா கிராஸ் அழுத்தினால் உடைந்துவிடும். உடைத்தவன் மறுநாள் காய்ச்சிக்கொண்டு வர வேண்டும்.

பிறகு நிவேதா தன் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஒவ்வொரு பேப்பரா எடுத்து எல்லா பேரையும் ஏத்திட்டேன் மேம். பாருங்க."

புதுப் படம். நான் இருந்தேன். கே.ஆருக்குப் பக்கத்தில், உரசிக்கொண்டு. அவரைவிடப் பெரியதாக.

இதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். மாறவில்லை. காரணம் எளிது: அவர் பிறகு நிர்வாகத்துக்குப் போய்விட்டார். நான் ஜூனியர்களோடு எழுதிக்கொண்டே இருந்தேன், எப்போதும் நடுவில் அல்லது கடைசியில். என்னைத் தவிரவும் படத்தில் பலர் முளைத்திருந்தார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. எந்தெந்த ஊரிலோ இரண்டாவதாக உட்கார்ந்திருந்தவர்கள்.

இந்த முறையிலும் குறை உண்டு. பெயரை மட்டும் கொடுத்தவருக்கும் முழு எண்ணிக்கை. கே.ஆர். ஆழத்தையாவது திருத்தினார்; அதுகூடச் செய்யாத தலைவர்களை எனக்குத் தெரியும்.

"இதை மாட்டப் போறாங்களா?"

"எச்.ஓ.டி. வேணாம்னுட்டாரு மேம்." மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கேன்."

அவளை மேலும் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

மேகமூட்டம். கால் வலி. பேட்டரி வாங்கியாயிற்று, தப்பு அளவு.

பதினோரு மணிக்குத் துறைத் தலைவர் போன். என் மாணவன்தான், இப்போது தலை முழுக்க நரை.

"மேடம், லேம்ப் நீங்கதான் ஏத்தணும். முதல் வரிசையில முரளிக்கும் சீட் போட்டிருக்கு."

"படம் எது மாட்டுறீங்க?"

"அதான் மேடம்... சார் பேர்ல ரூம். அங்க சாரைவிடப் பெரிய வட்டத்துல வேற ஒருத்தர்னா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"வேற ஒருத்தர் யாரு?"

"நீங்கதான் மேடம்."

பிறகு ஒரு யோசனை சொன்னார். இரண்டு வட்டத்தையும் சேர்த்து ஒன்றாக்கி, 'கே.ஆர். தம்பதியர்' என்று போட்டுவிடலாம். எல்லாருக்கும் திருப்தி.

"தம்பதியை யாரும் மேற்கோள் காட்டல, டாக்டர்" என்றேன். வைத்துவிட்டேன்.

செல்வி பாத்திரம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "இன்னா டாக்டரம்மா, சார் ஃபங்ஷனுக்கு நீங்களே போவலன்னா ஜனம் ஒரு மாதிரி பேசாதா?"

"ஏற்கெனவே பேசிட்டாங்க."

"அப்ப இன்னா, புதுசா பேச ஒண்ணுமில்ல" என்றாள். அரக்குப் பட்டுப் புடவையை அயர்னுக்குப் போடட்டுமா என்றாள். போடச் சொன்னேன். போனாலும் போகாவிட்டாலும் பட்டு மடிப்பிலேயே கிடந்தால் விட்டுப்போகும்.

கே.ஆர். இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இந்த வாரம் மூன்று பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் அவரோடு குடித்தனம் செய்தவர்கள் அல்லர். எனக்கே தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

நல்ல மழை. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. படம் ஞாயிறன்று அச்சுக்குப் போகிறதாம்.

முரளிக்குப் போன் செய்து, போனாலும் போகாவிட்டாலும் அப்பா பெயரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேச மாட்டேன் என்றேன். "தெரியும்மா" என்றான். பிறகு, "அந்தப் புதுப் படத்தை எனக்கு அனுப்பேன், பாக்கணும்" என்றான். அனுப்பினேன். இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

துறைத் தலைவருக்கு அனுப்பிய மின்னஞ்சல், நகல்:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு,

அறை என் கணவர் பெயரில் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. அதில் மாற்றம் எதுவும் கோரவில்லை.

வரைபடம் குறித்து: கட்டுரை எழுதிய எல்லாருடைய பெயர்களையும் எண்ணிய படத்தை மாட்டினால் வந்து விளக்கேற்றுகிறேன். முதல் பெயரை மட்டும் எண்ணிய படத்தை மாட்டுவது உங்கள் உரிமை. ஆனால் அப்படித்தான் எண்ணப்பட்டது என்பதை அதன்கீழ், நின்று படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடுங்கள். அப்போது அழைப்பிதழிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். சேர்த்த வட்டத்துக்கு என் சம்மதம் இல்லை.

இரண்டாவது கணக்கெடுப்பை டாக்டர் நிவேதா செய்தது என் கேள்வியால். விளக்கம் தேவைப்பட்டால் என்னிடம் கேளுங்கள், அவரிடம் அல்ல.

எந்தப் படம் என்பதை நாளை மாலைக்குள் எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போன் செய்ய வேண்டாம்.