இரண்டு பெட்டைக்கு ஒரு பானை

12-8-1984, ஞாயிறு

திண்டிவனத்தில் வாங்கிய இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸும் முட்டையிட, கூண்டில் ஒரே பானையைக் கட்டியிருந்தேன். ஒற்றுமையாக இருக்கட்டும் என்று என் பெரிய மூளை சொன்னது. இன்று பானைக்குள் நுழைந்த பச்சைப் பெட்டையின் மண்டையை நீலப் பெட்டை கொத்திப் பிளந்துவிட்டது. பிரிக்கப்போன என் விரலிலும் சதை பிய்ந்தது. பச்சை, மகள் செல்வியின் உள்ளங்கையிலேயே செத்தது.

"ஒரே அடுப்புல நானும் உங்க தம்பி பொண்டாட்டியும் அடிச்சிக்கினது போதலியா? இதுங்களுக்குமா?" என்றாள் மனைவி. வழக்கம்போல இளித்தேன்.

செல்வி, "நீதாம்பா கொன்னுட்ட" என்றாள். அதற்கு இளிக்க முடியவில்லை.

சாயங்காலம் இன்னொரு பானை கட்டினேன். பச்சையின் ஜோடி ஆண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பானையின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது.