கணபதி அண்ணையின் குரல் போன இடம்

11.02.2024, ஞாயிறு

ஜெயபுரம் வாசிகசாலையில் கூட்டம். ஊர்க்கதைகளை ஒலிப்பதிவு செய்து, உலகத்தில் யாரும் காசில்லாமல் கேட்கக்கூடியதாக இணையத்தில் வைக்கும் திட்டம். தலைவர் நான். வேறு யார் இருக்கிறார்கள்? எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கம்பியூட்டர் என்னைக் கண்டால் கொஞ்சம் பயப்படும்.

அக்காவின் மகள் ஜெயரூபி, வவுனியாக் கம்பசில் படிக்கிறவள், இரண்டு மென்பொருள் காட்டினாள். ஒன்று திறந்த மூலமாம். அதைச் செய்த விதத்தையே எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்களாம். பார்க்க வெறும் சாம்பல் நிறப் பெட்டி. மற்றது ஒரு வெளிநாட்டுக் கம்பனியுடையது. அதுவும் இலவசம்தான். திறந்தவுடனே தலைவரின் படம் பெரிதாக வரும், பின்னால் பூ விரியும்.

"மாமா, போட்டதை வெளியாலை எடுக்க வழி இருக்கோ எண்டுதான் முதல் பாக்கவேணும். கம்பனியின்ரையிலை அது இல்லை."

"போடத்தானே பிள்ளை போறம். எடுக்க என்னத்துக்கு?"

சபை சிரித்தது. கை உயர்த்தச் சொன்னேன். பூ வென்றது.

18.02.2024

திறப்பு விழா. லப்டொப்புக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, நாடா வெட்டினேன். மென்பொருளுக்கு நாடா வெட்டிய முதல் ஆள் ஆசியாவிலேயே நான்தான் என்று பேச்சில் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஊரே திரண்டது, கதிரைகள் மிச்சம் கிடந்தது வேறு கதை. ஜெயரூபி மட்டும் கடைசி வாங்கில் இருந்துகொண்டு, "மாலை ஈரம் மாமா, தண்ணி உள்ளை போகப்போகுது" என்றாள்.

03.03.2024

முதல் பதிவு கணபதி அண்ணை. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறியவர்களில் மிஞ்சியிருப்பவர். "எல்லாரும் கேக்கட்டுமுங்க. நம்ம சனம் வந்த வழி நம்ம புள்ளைகளுக்கே தெரியாது" என்றார். பின்னேரம் முழுக்கப் பேசினார். நானும் அவரும் மட்டும்தான். நான் கேட்ட கேள்விகளை எந்தப் பேராசிரியரும் கேட்டிருக்கமாட்டார். என் குரல் வானொலிக்காரர் குரல் மாதிரி விழுந்திருக்கிறது. பதிவு போனில் இடம் பிடிக்காது, நேரே கம்பனியிடம் ஏறிவிடும்.

22.03.2024

கம்பனியிலிருந்து இங்கிலீசில் மெயில். என் பெயர் சொல்லி. பாராட்டாக இருக்கும்.

13.04.2024

வருசப்பிறப்பு. திரும்பவும் மெயில், சிவப்பு எழுத்தில். என் பதிவு மெத்தப் பிடித்துவிட்டது போலை.

09.05.2024

கணபதி அண்ணைக்குப் பாரிசவாதம். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வலப்பக்கம் விழுந்துவிட்டது. கதை இல்லை, பேச்சு நின்றுவிட்டது.

28.05.2024

அண்ணையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மகள் பிரேமிளா வந்தாள். "அப்பா பேசுனதப் போட்டுக் காட்டுங்க மாமா. குரல் மறந்துரும் போல இருக்கு."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திறந்தேன். பூ விரியவில்லை. என் படமும் இல்லை. வெள்ளை.

ஜெயரூபி வந்து மெயில்களை வாசித்தாள். கம்பனி மூடுகிறதாம். குறித்த நாளுக்கு முன் எழுதிக் கேட்டால் பதிவுகளை அனுப்புவார்களாம். அந்த நாள் போய்விட்டது.

"ஏன் மாமா எனக்குக் காட்டேல்லை?"

என்ன சொல்ல? பாராட்டு எண்டு நினைச்சனான் எண்டோ? பிரேமிளா படலையடியிலை நிண்டவள் நிண்டவள்தான்.

30.05.2024

எழுதிக் கேட்டம். அழிச்சாச்சாம். அந்தப் பதிலும் மிசின் எழுதினதாம். யாரோடை போய்ச் சண்டை பிடிக்கிறது? ஆள் இருக்கிற ஒரு கந்தோர் இருந்தால் வாசலிலை போய்க் குந்துவன்.

02.06.2024

அண்ணை சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நான். அண்டைக்கு இந்தக் கொப்பியிலை என்ன எழுதினன் எண்டு புரட்டிப் பாத்தன். பாதிக்குமேலை என்னைப் பற்றித்தான்.

16.06.2024, ஞாயிறு

ஜெயரூபி திறந்த மூலத்தை லப்டொப்பிலை போட்டாள். முதல் வேலையாய், போட்டதை வெளியாலை எடுத்தும் காட்டினாள்.

அண்ணையின்ரை கட்டிலடியிலை இருந்து பதிவு. அவர் அண்டைக்குச் சொன்னதை நான் ஞாபகத்திலை இருந்து சொல்லவேணும். "மாமா சொல்றது பிழைன்னா இடது கையத் தூக்குங்கப்பா" எண்டாள் பிரேமிளா.

காட்டுக்குள்ளாலை நடந்து வந்தவை எண்டன். கை எழும்பிச்சு. "லொறியிலையோ?" இறங்கிச்சு. பன்னிரண்டு குடும்பம் எண்டன். திரும்பக் கை. அப்ப எத்தினை? அவராலை சொல்ல ஏலாது. அதை அழிச்சம். கிணறு வெட்டேக்கை பாம்பு வந்தது எண்டன். கை எழும்பினது இறங்கவே இல்லை. பிரேமிளா சிரிச்சாள், பிறகு கண்ணைத் துடைச்சாள்.

ஒரு இரவு யானை வந்து கொட்டிலைப் பிரிச்சுது, அவரின்ரை மனிசி மீனம்மா தகரம் தட்டிக் கலைச்சவா எண்டன். கை எழும்பேல்லை. அண்ணையின்ரை கண்ணாலை தண்ணி வழிஞ்சுது.

"மாமா, யானை அவர் சொன்னதோ, நீங்கள் போட்டதோ?" எண்டாள் ஜெயரூபி.

நான் சொல்லுற எல்லாத்திலையும் எங்கையோ ஒரு யானை வரும்.

"தெரியேல்லை பிள்ளை."

"உறுதியில்லை" எண்டு பதிஞ்சாள். "இருக்கட்டும், அழிக்காதீங்க" எண்டாள் பிரேமிளா.

அதுக்குப் பிறகு நான் சொன்ன ஒண்டுக்கும் கை எழும்பேல்லை. எல்லாம் சரியெண்டு இல்லை, அண்ணை களைச்சிட்டார். இனி நான் எதையும் சொல்லலாம்.

நிப்பாட்டச் சொன்னன்.