கங்காணியிடம் சொல்வதைப் போல

பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவன் தள்ளுவண்டியில் அச்சாறு கிளறிக்கொண்டிருந்தான். அந்தக் காரமும் புளிப்பும் மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய், சீருடையோடு, வாயில் எச்சிலூற. முகாம் வாசலில் இதை வாங்கித் தரச்சொல்லி என்னை எத்தனை நாள் நச்சரித்திருப்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. லீவில் வரும்போதெல்லாம் உன் வீட்டுப் பக்கம் போகாமல் மேல் பாதையால் சுற்றிப் போகிறேன். உன் மகன் என்னைக் கண்டால் சிரிக்கிறான், அதனால்தான்.

நாம் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். படையில் தமிழ்ப் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊரே வாய்க்கு வந்தபடி பேச, நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். கொழுந்துக்கூடை தூக்கிய முதுகுக்கு இந்தப் பை என்ன பாரம் என்று கேலி செய்தாய். எனக்கு ஓடினால் மூச்சு முட்டும், உனக்கு வியர்க்கக்கூட வியர்க்காது. உன் ஆசை ஒன்றே ஒன்று, பெரிய லொறி ஓட்ட வேண்டும். சாரதிப் பயிற்சிக்கு உன் பெயர் வந்த அன்று எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாய்.

அந்த மாதம்தான் உனக்கு நாள் தள்ளிப்போயிற்று. கலியாணமாகி முதல் பிள்ளை. என்ன செய்வதென்று என்னிடம் கேட்டாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டத்து வழக்கம்தான். அங்கே நாள் தள்ளினால் முதலில் வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி காதில் போட்டுவிட வேண்டும். அவர் அந்தப் பெண்ணைச் செங்குத்தான மலைக்கு அனுப்பாமல் லயத்துக்குப் பக்கத்திலேயே கொழுந்தெடுக்க விடுவார். நம் அம்மாக்களுக்கும் அப்படித்தான் நடந்தது. இங்கே கங்காணி இடத்தில் நம் பிரிவு அதிகாரி மேடம்தானே என்று நினைத்துக்கொண்டு, "மறைக்காத புள்ள. போய் மேடம்கிட்ட சொல்லிரு. பாத்துக்குவாங்க" என்றேன்.

நீயும் நம்பிப் போய்ச் சொன்னாய். மேடம் வாழ்த்திவிட்டு பிஸ்கட்டும் கொடுத்தாராம். மறுவாரம் பயிற்சியில் உன் பெயர் இல்லை. அந்த இடத்தில் என் பெயர் இருந்தது. உன்னைச் சமையலறைக்கு மாற்றினார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு இங்கே என்ன வேலை செய்யப்போகிறாய் என்று கேட்டுக் கேட்டே, கடைசியில் சொந்த விருப்பத்தில் விலகுவதாகக் கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கு மேடத்தின் அறைக்கு என்னையும் கூட வரச்சொன்னாய். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், உனக்காக இரண்டு வார்த்தை பேசலாம் என்று. நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். பேசினால் என் பெயரையும் வெட்டிவிடுவார்கள் என்ற பயம். எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நீ திரும்பிப் போய்த் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பெயர் பதிந்தாய். எனக்குப் பிள்ளை உண்டானபோது நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு எல்லோரோடும் ஓடினேன். கோப்ரல் பதவி கைக்கு வந்த பிறகுதான் சொன்னேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தபோது, எப்போது சொன்னாய் என்று கேட்டாய். நடந்ததைச் சொன்னேன். நீயாவது வாயை மூடிக்கொண்டிருந்தாயே என்று சிரித்தாய். கோபப்படுவாய் என்று பார்த்தால், என் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் மை வைத்தாய். "நீ சொன்னதுல தப்பில்ல புள்ள. அவங்க செஞ்சதுதான் தப்பு" என்றாய். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அடுத்த மழைக்குக் காய்ச்சலில் விழுந்தவள் எழும்பவே இல்லை.

போன வாரம் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். என் பிரிவில் இருப்பவள், உன்னைப் போலவே சாரதிப் பயிற்சிக்குத் தெரிவானவள். "அக்கா, நாள் தள்ளிருக்கு. மேடம்கிட்ட சொல்லிரவா?" என்றாள். இப்போதிருக்கும் மேடம் வேறு ஆள். நல்லவராகக்கூட இருக்கலாம். வா, நானும் வருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்.

"இப்ப சொல்லாத. பயிற்சி முடியட்டும்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஓட்டத்துக்கு விசில் ஊதியது நான்தான். பாதியில் அவள் ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்தாள். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று அவளை அதட்டி மறுபடியும் ஓடவிட்டேன். உன்னை உண்மை சொல்ல அனுப்பினேன், இவளை மறைக்கச் சொன்னேன். இரண்டு தடவையும் மேடத்தின் அறைக்குள் போகாதவள் நான்தான்.