வாய்க்கால் வழியும் தார் ரோடும்

விருத்தாசலம்
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகள் அன்பரசிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு நானும் அம்மாவும் சுகம். நாக்பூரில் நீ சுகமாயிருப்பதை, அம்மா உன்னோடு போனில் பேசும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஆறு மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் தபால். இதைக் கட் பண்ண முடியாது பார்.

பீங்கான் கம்பெனியில் வழக்கம்போல கப்பு அடுக்குகிறேன், போன வாரம் பதினொன்றை உடைத்தேன், எல்லாம் உன் நினைப்புதான். நம்ம தெருவார் கல்லறைக்கு வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும், ஊர்த்தெரு வழியே போகும் தார் ரோட்டில் போகக்கூடாது என்பது உனக்குப் பொறுக்கவில்லை, மனு எழுதினாய். எனக்குப் பொறுத்தது, உன்னைத் திட்டினேன். என் கல்யாணத்தன்று உன் தாத்தா டீக்கடையில் தனி கிளாஸ் கூடாதென்று சண்டை போட்டு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார், அப்பன் இல்லாமல் மாலை மாற்றியவன் நான். அன்றைக்கே போராட்டத்துக்குப் பெரிய கும்பிடு போட்டேன். அது சர்க்கரை வியாதி மாதிரி ஒரு தலைமுறை தாண்டி உன்னிடம் வரும் என்று யார் கண்டது.

செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. மனுவில் அம்மா என்னைக் கேட்காமல் போட்ட கையெழுத்தை அடித்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன், அவளிடம் ரேஷன் கார்டு வேலை என்று சொல்லிவிட்டு. வாசலிலேயே நம்ம தெரு கொளஞ்சி அண்ணன், ஜெயராஜண்ணன் மவன் வந்துட்டாருப்பா, வழி வுடுங்க என்று சத்தம் போட்டு என்னை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். பழைய வழக்கப்படியே போவது என்று ஒரு பேப்பரை எழுதி இரண்டு தரப்பிலும் கையெழுத்து கேட்டார்கள். எதிர்த்தரப்புப் பெரியவர் என்னைக் காட்டி, இவரு நல்ல மனுசங்க, பெத்த அப்பாவையே வாய்க்கால்லதான் தூக்கிட்டுப் போனாரு, ஒரு வார்த்த பேசலீங்க என்று பாராட்டினார். மகளே, பாராட்டு அப்படிச் சுடும் என்று ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. எழுந்தேன். தோள்ல பெட்டி, நெஞ்சு வரைக்கும் தண்ணி, வாயத் தொறந்தா தண்ணி பூந்துடும், அதனாலதான் பேசலீங்க, இப்ப பேசறேன், கையெழுத்து போட மாட்டேன் என்றேன். நம்ம ஆட்கள் சிரித்துக் கைதட்டினார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அம்மா, ரேஷன் கார்டு என்னாச்சுங்க என்கிறாள், அதற்குள் சேதி வந்துவிட்டிருக்கிறது. அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

பதினெட்டாம் தேதி சப் கலெக்டர் நேரில் பார்க்க வருகிறார். தார் ரோட்டில் முன்னால் நடந்து நான் வழி காட்ட வேண்டுமாம். சட்டமெல்லாம் நீ பேசு, நான் நடக்கிறேன், பக்கத்தில் மட்டும் வா. ரயிலில் கீழ் பெர்த் கேட்டு வாங்கு, ஜங்ஷனுக்கு நான் வந்துவிடுவேன். மாதா உனக்குத் துணையிருப்பாள். மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருக்கிறேன், அப்படியே தாத்தா கல்லறை வரை போய்விட்டு வருவோம். செருப்போடு போய் அவரை நான் பார்த்ததே இல்லை.

உன் அப்பா
ஞானதாஸ்