விட்டத்தில் ஒரு பிளக் பாயிண்ட்

நவம்பர் 6, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த போர்வை காயவில்லை. ஆறாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள்தான்.

மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்தால், இவருடைய காற்று மெத்தை சப்பிப்போய்க் கிடக்கிறது. ஹாலிலிருந்து இழுத்துவந்த ஒயர், பகலில் இவரைப் பார்த்துக்கொள்கிற செல்விக்கா காலில் மாட்டி, பிளக் கழன்றிருக்கிறது. எப்போதிலிருந்து அப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. மோட்டார் ஓடி, காற்று மாறி மாறி ஏறினால்தான் முதுகு புண்ணாகாது. புரட்டிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே மறுபடி சிவப்பு.

வலிக்கிறதா என்று கேட்டேன். "ம்." மஸ்கட்டிலிருந்து ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கிய நாள் முதல் அந்த ஒரு 'ம்' தான். பக்கவாதம் கையையும் காலையும் கூடக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, பேச்சை விடவில்லை.

இந்த அறையில் பிளக் பாயிண்ட் கிடையாது. ஓனர் சென்னையில். ஃபோனில் கேட்டதற்கு, "அது முட்டை வெள்ளக்கரு போட்டுப் பூசுன செவுரு டீச்சர். உளி பட்டாப் பேந்துரும். எந்தச் செவுத்துலயும் கை வைக்கக் கூடாது" என்றார்.

சுவரில்தானே கூடாது. மேலே?

வாங்க: டயபர், தேங்காய் எண்ணெய், சிவப்பு மை பேனா, எலி மருந்து.

நவம்பர் 7, வெள்ளி

பள்ளி விட்டு நேரே புதுக்கோட்டை. கடையில் நான் நினைத்தது அப்படியே இருந்தது. வட்டமான வெள்ளை பிளாஸ்டிக், நடுவில் பல்பு மாட்டும் ஹோல்டர், ஓரத்தில் பிளக் சொருக இடம். கடைக்காரர், "வீட்டுக்காரர எலக்ட்ரீசியனக் கூட்டியாரச் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்ல.

எலக்ட்ரீசியன் பழனி ஞாயிறுதான் வருவாராம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். டயபர் மறந்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. பழனி வந்தார். ஏணி எட்டவில்லை, மேசை மேல் ஸ்டூல். பழைய பித்தளை ஹோல்டரையும் அதன் அடியில் இருந்த மரக்கட்டையையும் கழற்றினார். உள்ளே கறுப்புத் துணி சுற்றிய ஒயர்கள்.

"டீச்சர், இதுல ஒரு ஜோடி அங்கிட்டு போகுதே."

அங்கிட்டு என்றால் பின்கட்டு. இந்தப் பெரிய வீட்டை அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். முன்கட்டு தம்பிக்கு, அவர்தான் எங்கள் ஓனர். பின்கட்டு அண்ணனுக்கு. நாங்கள் வந்ததிலிருந்து பூட்டுதான். இவருடைய கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது.

பழனி டெஸ்டர் வைத்தார். லைட் சுவிட்சை அணைத்த பிறகும் அந்த ஜோடியில் கரண்ட். "இது எப்பவும் வார கரண்டு. நமக்கு நல்லதாப் போச்சு. இதுலயே பிளக்குக் குடுத்துர்றேன். லைட்ட அணைச்சாலும் மோட்டார் ஓடும்."

ஓனரைக் கேட்டேன். "பழைய ஒயரிங் டீச்சர். அங்கிட்டு போறத வெட்டி டேப் சுத்தச் சொல்லுங்க. அங்க யாரு இருக்கா?"

மெயினை நிறுத்தி வெட்டினார். பிளக்கில் ஒயர் சொருகி, சுவர் ஓரமாகக் கீழே இறக்கி, கட்டில் காலில் கட்டினார். மோட்டார் உறுமியது. மெத்தை மெல்ல எழும்ப, இவரும் கூடவே எழும்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, பழனி முன்னால்.

இவர் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புது வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதோ.

நவம்பர் 10, திங்கள்

இன்று பேசினார்.

சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டார். பிறகு நாக்கு புரண்டது. "இ... ரு... ட்டு."

ஸ்பூன் கீழே விழுந்துவிட்டது. "என்ன சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"இருட்டு."

தலைக்கு மேல் லைட் எரிந்துகொண்டிருந்தது. ஆலங்குடியில் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அம்மா, "என்ன சொன்னாரு மாப்ள?" என்றாள். இருட்டு என்றேன். "வேற ஏதாச்சும் நல்லதாச் சொல்லச் சொல்லுடி" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

மறுபடி அதே சொல். கண்பார்வையில் ஏதாவதா? விரலைக் காட்டினேன், கண் சரியாகத் தொடர்கிறது. பெரிய பல்பாக மாற்றினேன். அறை கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். "இருட்டு."

செல்விக்கா காலையிலிருந்தே சரியில்லை. பாத்திரத்தை நங்கென்று வைக்கிறார். நான் கேட்காமலே, "பழைய லைட்டயே மாட்டிருங்க டீச்சர். சாருக்கு இது ஒத்துக்கல" என்றார்.

"லைட் மாத்தி ஒருத்தருக்கு ஒத்துக்காமப் போகுமாக்கா?"

குரலைத் தாழ்த்தினார். "பின்கட்டுல ஒரு பொம்பளை நடமாட்டம் இருக்குன்னு சொல்லுவாக. அதான் பின்சந்துல ஒரு ஆளு போறதில்ல. அது புழங்குற எடத்துல வெட்டுறது கொத்துறதெல்லாம் வச்சுக்கக் கூடாது."

சாயங்காலம் வழக்கம்போல நான் வருவதற்கு அரை மணி முன்பே கிளம்பிப் போயிருக்கிறார். தினமும் அந்த அரை மணி இவர் தனியாகத்தான். வேறு ஆள் கிடைக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

மழை. பள்ளி விடுமுறை. செல்விக்காவை வர வேண்டாம் என்று சொன்னேன். அவர் என்னவோ பதறினார்.

மூன்றரை இருக்கும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். டொக். டொக். எலி என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி, அதே இடைவெளியில். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், சுவரில்.

இவர் தலையைத் திருப்பினார். தானாக. கழுத்து திரும்பவே திரும்பாது என்று பிசியோதெரபிக்காரர் சொன்ன பக்கம். முகத்தில் பயம் இல்லை. தெருவில் தெரிந்தவர் குரல் கேட்டால் திரும்புவோமே, அந்த மாதிரி.

"யாருங்க?" என்றேன் சுவரைப் பார்த்து. சத்தம் சட்டென்று நின்றது. மழை ஓட்டில் கொட்டுவது மட்டும். சுவரில் காதை வைத்தேன். ஈரச் சில்லிப்பு. உள்ளே ஏதோ தரையில் தேய்ந்துகொண்டே விலகிப் போனது. பிளாஸ்டிக் குடத்தை இழுப்பது போல. அல்லது காலை.

இவர் என் புடவை நுனியைப் பிடித்து இழுத்தார். "அழு... வுது."

விடைத்தாள்களை அள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். இவரை அங்கேயே விட்டுவிட்டு. எழுதவே கூச்சமாக இருக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்து, தெருவில் யாராவது போகிறார்களா என்று பார்த்தேன். ஒரு நாய் நனைந்துகொண்டு போனது. அப்புறம்தான் எழுந்து உள்ளே போனேன்.

நவம்பர் 13, வியாழன்

ராத்திரி தூக்கம் இல்லை. விடியும்போது ஒன்று உறைத்தது. இருட்டு என்று இவர் சொன்னது இந்த அறையை அல்ல.

லீவு சொல்லிவிட்டுப் பழனியைக் கூப்பிட்டேன். "வெட்டுன ஒயர மறுபடி சேத்துருங்க." ஓனர் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். செல்விக்கா கதவோரம் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

டேப்பைப் பிரித்து, முறுக்கி, புது டேப் சுற்றினார். ஹோல்டரை மூடினார். "மெயினப் போடுங்க டீச்சர்."

போட்டேன். இங்கே பல்பு எரிந்தது. மோட்டார் ஓடியது. சுவருக்கு அந்தப் பக்கம் கட கடவென்று ஒரு சத்தம் ஆரம்பித்து, மெல்ல வேகம் பிடித்து, ஓட ஆரம்பித்தது.

ஃபேன்.

பழனி ஸ்டூல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அங்கிட்டு எதுவோ கரண்ட இழுக்குது டீச்சர். நான் வாரேன்." டெஸ்டரைக்கூட எடுக்கவில்லை. சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே ஓடினார்.

செல்விக்கா தரையில் உட்கார்ந்து அழுதார். "நல்லா இருப்பீக டீச்சர். நாலு நாளா மெழுகுவத்தியோட கெடந்துச்சு. மொத நாளே வெளக்கு போனதும் படியில தடுக்கி விழுந்துருச்சு. பேயின்னு கதை கட்டுனது நாந்தான். யாரும் எட்டிப் பாக்கக் கூடாதுன்னுதான்."

"யாருக்கா அது?"

"ஒங்க ஓனரோட அக்கா. ஆச்சி."

சென்னையில் முதியோர் விடுதியில் விட்டிருந்தார்களாம். உறவுக்காரப் பெண் வீட்டுக்குப் போகிறேன் என்று அங்கே சொல்லிவிட்டு, தனியே பஸ் ஏறி, தன்னிடம் இருந்த பழைய சாவியால் பின்கதவைத் திறந்து இருந்துகொண்டார். பின்கட்டு மீட்டரில் ஃபியூஸைப் பிடுங்கி ரொம்ப நாளாகிறது. இந்த ஒயர் வழியாக வந்ததுதான் ஒரு பல்பு, ஒரு ஃபேன். செல்விக்கா இங்கிருந்து கிளம்பிப் பின்சந்து வழியாகச் சாப்பாடு கொண்டுபோகிறார்.

பேய் இல்லை. மனுஷிதான். அப்பாடா என்று இருந்தது. இவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

நவம்பர் 14, வெள்ளி

பள்ளியில் குழந்தைகள் தின விழா. மைக் வேலை செய்யவில்லை. முடிந்ததும் செல்விக்காவுடன் பின்சந்து வழியாகப் போனேன்.

ஜன்னல்களுக்கெல்லாம் வெளியிலிருந்து பலகை அடித்திருக்கிறது. வெளக்கு இல்லையென்றால் பகலிலேயே கை தெரியாத இருட்டு. நடுவில் ஒரே பல்பு, அதன் கீழே பாய். சிறிய உருவம், வெள்ளைப் புடவை, வீங்கிய கணுக்காலில் மஞ்சள் பற்று.

"வா ஆத்தா. ஒக்காரு. தம்பிக்குச் சொல்லியாச்சா?"

"இல்லைங்க ஆச்சி."

"சொன்னாலும் ஒன்னையக் குத்தஞ் சொல்ல மாட்டேன். எனக்குப் பங்கு இல்லைன்னாக. சரின்னுட்டேன். இருக்கிறதுக்குக்கூடவா பங்கு வேணும்? நான் பொறந்தது இந்த அறையில." அழவில்லை. என்ன பாடம் எடுக்கிறாய் என்று விசாரித்தார். பிறகு கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினார்.

"ஒன் வீட்டுக்காரர் புண்ணியவான். வெளக்கு போனதும் பயந்து செவுத்தத் தட்டுனேன். பயப்படாதீங்க ஆச்சி, கலா வந்துரும், அது பாத்துக்கும்னாரு."

செல்விக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னாங்க ஆச்சி?"

"அவருதான். நான் வந்த நாளா தெனம் சாயந்தரம் பேசிக்கிட்டுத்தான இருக்கோம். இவ போயி, நீ வர்றதுக்குள்ள. கணீர்னு என்ன குரலு! மஸ்கட்ல மொட்டமாடியில பாய் விரிச்சுப் படுத்த கதையெல்லாம் சொல்லுவாரு."

அவருக்குப் பேச்சு வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர். ரெஜிஸ்டரில் சந்திரகலா. கலா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இவர்தான். கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

வெளியே வந்ததும் செல்விக்கா என் கையைப் பிடித்தார். "எங்க அம்மன் சத்தியமா டீச்சர், சார் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. ஒங்க பேரே எனக்கு இப்பத்தான் தெரியும்."

நவம்பர் 15, சனி

மழை விட்டுவிட்டது. ஈசல்.

காலையில் ஓனர் ஃபோன். விடுதியிலிருந்து கேட்டிருப்பார்கள் போல. "டீச்சர், எங்க அக்கா அங்கிட்டு ஏதும் வந்துச்சா? பின்கட்டுல சத்தம் கித்தம்?"

"இல்லையே."

"அந்த ஒயர வெட்டியாச்சுல்ல?"

"அன்னைக்கே வெட்டியாச்சு." குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம். அவர் ஆள் அனுப்பினால் என்ன செய்வது? ஆச்சி போக வேண்டியிருக்கும், நாங்களும். இந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் வேறு வீடு ஏது? யோசிக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்டேன், திடீரென்று முழுசாகப் பேச முடியுமா என்று. ஒன்றிரண்டு சொல் வரலாம், சந்தோஷப்படுங்கள், கோர்வையாக வர வாய்ப்பே இல்லை என்றார். முழுநாளும் இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "ஆச்சிகிட்ட பேசுனீங்களா?" "ம்." "என்கிட்ட பேசுங்களேன்." வாய் கோணி, உதடு துடித்து, எச்சில்தான் வழிந்தது. துடைத்துவிட்டேன். அவர் கண்ணையும்.

மூன்றரைக்கு மெத்தை மோட்டாரைச் சரிபார்த்து, போர்வையைப் போர்த்தி, வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பின்சந்து வழியாக ஆச்சியிடம் போனேன். ஆச்சி விரலை உதட்டில் வைத்துக் காட்டி, ஃபேனை நிறுத்தினார். சுவரில் இரண்டு தட்டு.

முதலில் ஒன்றுமில்லை. மோட்டாரின் உறுமல் மட்டும் மெல்லிசாக.

"ஆச்சி, கால் வீக்கம் வத்துச்சா?"

அவர் குரல். ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, டீ குடிப்போமா என்று கேட்ட அதே குரல். வார்த்தையில் ஒரு பிசிறு இல்லை.

ஆச்சி என்னைப் பேசு என்று தள்ளினார். எனக்குத்தான் நாக்கு எழவில்லை. சுவரில் கன்னத்தை வைத்தேன்.

"நான்தாங்க."

"கலாவா? ஏன் அங்கிட்டு போயி ஒக்காந்திருக்க?"

பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினால் பூட்டைத் திறந்து பார்த்துவிடலாம், அந்த வாய் அசைகிறதா என்று. ஆச்சியும் அப்படித்தான் நினைத்துப் பாயில் நகர்ந்து வழிவிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் மைக் வேலை செய்யாத கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அங்கிருந்து சிரிப்பு கேட்டது.