கயிறு என்னுது, குடம் உன்னுது

செஞ்சி,
16-5-1966.

அன்புள்ள செந்தாமரைக்கு,

உண்ணாமலை எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் ஐந்தாம் வகுப்பில் நம் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். உன் கடிதத்தில் அது இல்லை, நானும் எழுதவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்த கடிதத்தில் நாலே வரி. அவருக்கு மஞ்சள் காமாலை, பெங்களூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று ஒன்று. என் கயிறு அறுந்து போகணும்னு பாட்டுக் கட்டிப் பாடறியாமே, இன்னா அர்த்தத்துல பாடறே என்று இன்னொன்று. படித்ததும் வந்த ஆத்திரத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அப்புறம் மஞ்சள் காமாலை என்ற வரியை மறுபடி படித்தேன்.

முதலில் அவர் உடம்பைப் பார். கீழாநெல்லி அந்த ஊரில் கிடைக்காதா? கிடைத்தால் அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடு. எண்ணெய் பக்கமே போக விடாதே. அவருக்கு வடை என்றால் உயிர், கெஞ்சுவார், கொடுத்துவிடாதே. என் மாமன் மகன்தானே, அந்த நாக்கு எனக்குத் தெரியாதா.

இனி பாட்டு. போன வருஷம் தளவானூரில் நடவுக்குப் போயிருந்தோம். பாடின பாட்டையே எத்தினி தபா பாடறது, நீ ஒண்ணு எட்த்து உடுடி என்று குஞ்சம்மாள் என்னை வம்புக்கு இழுத்தாள். நானும் சேற்றில் நின்றுகொண்டு வாய்க்கு வந்ததைப் பாடினேன்.

கயிறு என்னுது, குடம் உன்னுது,
கெணத்துத் தண்ணி ரெண்டு பேருது,
கயித்த அறுத்துப் போனியே – அந்தத்
தண்ணி கைக்கு எட்டலியே.

அவ்வளவுதான். நடவு முடிவதற்குள் அனந்தபுரம் வரைக்கும் போய்விட்டது. பங்குனியில் இங்கே கூத்து நடந்தபோது, கோமாளிக் கட்டியக்காரன் வேஷம் போட்டவன் இந்தப் பாட்டைப் பாடி, கயிறு என்ற இடத்தில் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அது தாலிக் கயிறு ஆகிவிட்டது. பாவம், உட்டுட்டுப் போன மாப்பிள்ளைய நெனச்சுப் பாடறா என்று கடைத்தெருவில் என் காதுபடவே பேசினார்கள். நான் வாயைத் திறந்து மறுத்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக என்னை யாரும் ஏனென்று கேட்டதில்லை. இப்போதாவது என்னை நினைத்துப் பேசுகிறார்களே, பேசட்டும் என்று இருந்துவிட்டேன். தப்புதான்.

அடி பாவி, நீயுமா கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய்? அது எந்தக் கயிறு என்று உனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் கயிறு, உங்கள் வீட்டில் பித்தளைக் குடம். நைனா மாடு கட்டி இறைக்கிற கமலைக்கு வாங்கின கயிற்றில் மிஞ்சினதை உன் குடத்தில் கட்டி எத்தனை வருஷம் இறைத்தோம்! ஒருத்தி வராவிட்டால் ரெண்டு வீட்டுக்கும் தண்ணீர் கிடையாது என்று உன் அம்மா திட்டுவாளே.

எனக்கும் அவருக்கும் கல்யாணம் பேசி, பூ வைக்க நாள் குறித்த வாரம், வியாழக்கிழமை, நான் கயிற்றோடு வந்து கிணற்றடியில் நின்றேன். ராஜகிரி மலை உச்சியில் விழுந்த வெயில் அடிவாரம் வரைக்கும் இறங்கிவிட்டது. நீ வரவில்லை. உனக்குக் காய்ச்சலோ என்று நினைத்தேனடி. நீயும் அவரும் முதல் பஸ்ஸில் விழுப்புரம் போய்விட்டதைத் தைலம்மாள் அத்தை வந்து சொன்னபோதும், அப்ப தண்ணி எப்படி எறைக்கறது என்றுதான் என் வாயில் வந்தது. அவள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அழுதாள்.

பாட்டில் வருகிறவள் நீதான், அவர் இல்லை. 'போனியே' என்று பாடினால் போனது ஆணா பெண்ணா என்று கேட்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை வேறு வருவான். வந்தான்கூட. நான்தான் வேண்டாம் என்றேன். உன்னைப் போல ஒருத்தி வரவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்குத் தனிக் குடம் வாங்கியாகிவிட்டது. நானே இறைக்கிறேன், பேச்சுத் துணை இல்லாமல். அவரைப் பிடித்திருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் நானே உனக்கு ஜடை பின்னியிருப்பேன்.

ஆனால் பொய் எழுதக் கூடாது. சேற்றில் நின்று பாடினேனே, அந்த முதல் தடவை, கயிறு என்ற இடத்தில் எனக்கு உன் கழுத்தும் ஞாபகத்துக்கு வந்தது. ஒரே ஒரு தடவை. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாட்டு நிற்கவில்லை, பின்னால் பத்துப் பேர் பாடிக்கொண்டு வந்தார்கள். அதை உன்னிடம் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பாடியதைத் திரும்ப வாங்க முடியாது. வெள்ளிக்கிழமை வெறுங்காலோடு மலை ஏறினேன். படி எல்லாம் கொதித்தது. கமலக்கண்ணி அம்மன் காலடியில் ஒரு மஞ்சள் கயிறு வைத்துக் கும்பிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். இந்தக் கவரில் மடித்து வைத்திருக்கிறேன். இது கடையில் புதிதாக வாங்கினது இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா திருவண்ணாமலையில் வாங்கி, மஞ்சளில் நனைத்து என் பெட்டியில் வைத்தது. எதற்கு வாங்கினாள் என்று உனக்கே தெரியும். இனி எனக்கு வேண்டாம்.

வருகிற வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, பழையதை எடுத்துவிட்டு இதைக் கட்டிக்கொள். அவர் எழுந்து உட்கார்ந்ததும் ஒரு கார்டு போடு. நூறு வருஷம் பூவும் பொட்டுமாக இரு. இந்தக் கயிறும் என்னுதுதான் செந்தாமரை, இதையாவது அறுக்காமல் வைத்துக்கொள்.

உன்
உண்ணாமலை